பேட்டி வருகிறது

அந்த அதிகாரி என் மஞ்சள் கவுனின் மடிப்பை விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கவுன் என்றால் நான் போட்டுக்கொள்வது இல்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு நான் தைத்தது. இடம் பம்பாய்த் துறைமுகத்தின் சுங்கக் கூடம். மொம்பாசாவில் நாலைந்து வருடம் குடியிருந்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் முதல் முறையாக ஊர் திரும்பி வந்திருந்தோம். கப்பலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கூடம் முழுக்க நனைந்த சாக்கு வாடை, கூடவே கிராம்பு வாடை.

எங்கள் மரப்பெட்டி மேஜைமேல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. புடவை, பாத்திரம், சுவர்க்கடிகாரம் எதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடியில் கிடந்த கவுனைத்தான் எடுத்தார். கீழ்மடிப்பு இத்தனை தடிமனாக எதற்கு என்று ஹிந்தியில் கேட்டார். பதில் வருவதற்குள் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். இரண்டிலும் பிள்ளை பேர் கிடையாது.

"பச்சா கஹாங் ஹை?" என்றார். குழந்தை எங்கே?

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளேடை எடுத்தார். மடிப்புக்குள் தங்கம் இருக்கிறதென்று அவர் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். பால்காரன், பக்கத்து வீடு, பஞ்சாங்கம் எதையும் நான் நம்பியதில்லை. அப்படிப்பட்ட என்னையே ஒருத்தர் சந்தேகப்பட, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேண்டும் எனக்கு. அந்தக் கவுனே சந்தேகத்தில் பிறந்ததுதான்.

ஓர் எழுத்து

மொம்பாசா, ஏடன், பினாங்கு என்று இந்தத் தொடரில் இத்தனை வாரமாக உங்களை இழுத்துக்கொண்டு அலைகிறேன். அந்த ஊர்களையெல்லாம் நான் கண்ணால் பார்க்காமலே போயிருக்க வேண்டியது. ஒரே ஓர் எழுத்து செய்த கூத்து அது. அந்தக் கதைக்கு அந்தமானுக்குப் போக வேண்டும்.

கல்யாணமான கையோடு தூத்துக்குடியிலிருந்து போர்ட் பிளேருக்குப் போனவள் நான். அவர் கப்பல் என்ஜின் மெக்கானிக். ஊரே அவரை மிஸ்திரி என்றுதான் கூப்பிடும். துறைமுகப் பட்டறையில் வேலை, பாம்பூஃப்ளாட்டில் தகரக் கூரை போட்ட பலகை வீடு. காலையில் ஃபெர்ரி ஏறி எதிரே இருக்கும் சாத்தம் தீவுக்குப் போவார், சாயங்காலம் கிரீஸ் வாடையோடு திரும்புவார். அடுத்த வருடமே வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் இடம் கிடைத்தது. அப்புறம் வருடத்துக்கு ஒரு மாதம்தான் வீட்டில் மனுஷன்.

நான் சும்மா இருக்கவில்லை. கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று இருந்தது. வங்காளி, தெலுங்கு, மலையாளி என்று எல்லா வீட்டு ஜாக்கெட்டும் என்னிடம்தான் வரும். அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். போன மாதம் எடுத்த அளவையே நம்ப மாட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தீவு ஹிந்தியும் அப்படி அளவெடுத்தபடியே பழகியதுதான். கை, கழுத்து, தளர்ச்சி, இறுக்கம், நாளை வா. அதற்குமேல் கொஞ்சம் சண்டைக்கு வேண்டியது.

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. ஊர் பேசிக்கொண்டது.

கடைசிக் கடிதம்

அவர் கப்பலை விட்டுவிட்டு மொம்பாசாத் துறைமுகத்தில் கரை வேலைக்குச் சேர்ந்தார். வீடு பார்த்துக் காகிதங்கள் அனுப்புகிறேன், நீ வந்து சேர் என்று எழுதினார். பாஸ்போர்ட் எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வருடம் போயிற்று. இரண்டாவது வருடமும் பாதி போயிற்று.

மெயின்லேண்ட் கப்பல் வந்தால்தான் எங்களுக்குக் கடிதம். கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் பாம்பூஃப்ளாட்டில் பாதிப் பெண்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். எனக்கு முதலில் நாலு பக்கம் வந்தது. அப்புறம் இரண்டு பக்கம். கடைசியாக வந்ததில் பாதிப் பக்கம்தான். அதில் இப்படி ஒரு வரி:

"உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். சின்னதாக ஆரம்பித்தது, வளர்ந்துவிட்டது. நேரில் பார்த்தால் கோபப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன்."

அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். வெயிலில் பிடித்துப் படித்தேன். திருப்பிப் போட்டுக்கூடப் பார்த்தேன். வளர்ந்துவிட்டது என்றால் எது வளரும்? கடன் வளரும், கட்டி வளரும், பிள்ளை வளரும். கடன் வாங்குகிற ஆள் அவர் இல்லை. கட்டி என்றால் நேரில் பார்த்து நான் ஏன் கோபப்பட வேண்டும்?

பக்கத்து வீட்டு மாலதி தீதியிடம் சொன்னேன். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்; தீதி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. அவள் புருஷனுக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. தீதி நல்லவள்தான், ஆறுதல் சொல்லத்தான் தெரியாது. கப்பல்காரன் என்றால் துறைமுகத்துக்கு ஒரு வீடு இருக்கும், அதையெல்லாம் பெரிசு பண்ணக் கூடாது என்று முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

சிகரெட் அட்டை

அடுத்த கப்பலில் கடிதமே இல்லை. வெறுங்கையோடு ஃபெர்ரிக்குத் திரும்பினவளை படகுத்துறை ஜெட்டியில் டீக்கடை வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி கூப்பிட்டார். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். கப்பல் சமையல்காரன் ஒருத்தன் எனக்குச் சேதி சொல்லிவிட்டுப் போனானாம். மறந்துவிடும் என்று சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தார். ஹிந்தியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்:

"மிஸ்திரி போலா. பேட்டி ஆ ரஹீ ஹை. அக்லா ஜஹாஸ். சம்பால்கே ரக்னா."

ஹிந்தியில் பேட்டி என்றால் மகள். மிஸ்திரி சொன்னார், மகள் வருகிறாள், அடுத்த கப்பல், பத்திரமாக வைத்துக்கொள்.

இன்றைக்குப் பேட்டி என்றால் பத்திரிகைப் பேட்டி. இந்தப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து முதல் முறை போன் செய்து "அம்மா, உங்க பேட்டி வேணும்" என்றபோது எனக்கு ஒரு நொடி நெஞ்சு நின்றுவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்.

ஜெட்டிக்குத் திரும்புகிறேன். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வேறு என்ன சொன்னான் என்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

"மெட்ராஸ்ல இருக்காம் தங்கச்சி. இந்த டிரிப்புல எடம் கெடைக்கலன்னான். நான் அவன் சொன்னதத்தான் எழுதினேன், என் மேல வருத்தப்படக் கூடாது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருக்கும் அதே அர்த்தம்தான் பட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இருக்கிறாளாம் என்று சொல்லாமல் இருக்காம் என்றாரே என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளையை நாம் அது என்றுதானே சொல்வோம். அதோடு அந்த 'ரஹீ'. வருவது பெண்ணாக இருந்தால்தான் ஹிந்தியில் ரஹீ. எனக்கு அவ்வளவு இலக்கணம் தெரியும். அந்த அரைகுறை இலக்கணம்தான் என்னைக் கெடுத்தது.

ஃபெர்ரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கப்பலில் தனியாக அனுப்புகிறார் என்றால் ஐந்து வயதாவது இருக்கும். அப்படியென்றால் என்னைக் கட்டி இரண்டு வருடத்துக்குள்ளேயே. ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் வந்து, நான் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டு, கூரையில் ஓட்டை அடைத்துவிட்டுப் போனாரே, அப்போதெல்லாம் அவள் எங்கேயோ தவழ்ந்துகொண்டு இருந்திருக்கிறாள். அழுகை வரவில்லை. பிள்ளை இல்லாதது என்னால்தான் என்று அவர் ருசுப்படுத்திவிட்ட மாதிரி இருந்தது.

நான் எழுதிய கடிதம்

கப்பல் மூன்று நாள் கழித்துத் திரும்பும். அதற்குள் கடிதம் எழுதினேன். ஏழு பக்கம். எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது, ஆசிரியர் போட மாட்டார். சாராம்சம் இதுதான். நான் மொம்பாசாவுக்கு வரப்போவதில்லை. உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன். ஆனால் வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். அது என்ன பாவம் செய்தது. அதை நான் வளர்த்துக்கொள்கிறேன், நீங்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

கடைசியில், திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோன இடத்தில், இதையும் எழுதினேன்: "வயதாவது எழுதித் தொலைத்திருக்கலாம். அளவு தெரியாமல் கவுன் தைக்க வேண்டியிருக்கிறது."

தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அது அடியில் விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் நகர்ந்தேன். தபால்காரரையும் நான் நம்புவதில்லை.

மஞ்சள் பாப்ளின் ஒன்றரை கஜம் வாங்கினேன். மாலதி தீதியின் இரண்டாவது மகளுக்கு ஐந்து வயது. அவளை நிறுத்திவைத்துப் பார்த்தேன். ஆனால் அவள் அவள்தானே, வருகிறவள் நெட்டையோ குட்டையோ. ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடமெல்லாம் அரை அங்குலத்துக்குச் சண்டை போட்ட நான், அந்தத் துணியைக் குத்துமதிப்பாக வெட்டினேன். வளர்கிற பிள்ளை, கீழே பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று மடிப்பு நாலு விரல் விட்டேன்.

அந்தப் பன்னிரண்டு பதிமூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் அவரைச் சபிப்பேன். மத்தியானம் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டு, பிள்ளை உருண்டு விழுமா என்று பார்ப்பேன். இட்லி தின்னுமா, ரொட்டிதான் தின்னுமா? என்ன பாஷை பேசும்? தலைமுடி எப்படி இருக்கும், என் சீப்பு இறங்குமா? அம்மாக்காரி யாராக இருக்கும் என்பதை மட்டும் நினைக்க மாட்டேன். ஏன் தன் பிள்ளையைக் கொடுத்தாள்? செத்துப்போனாளா? இல்லை, பின்னாலேயே வந்து நிற்கப்போகிறாளா? இப்படி நினைக்க மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே நினைப்பேன்.

மூன்றாம் வீட்டுக்காரி ஒருத்தி வந்து, பிள்ளை யார் சாயல் என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். அவள் ஜாக்கெட்டை அந்த வாரம் நான் தைக்கவில்லை.

ஜெட்டியில்

கப்பல் வந்த அன்று தீதியும் என்னோடு வந்தாள். ஆறுதலுக்கு என்று சொன்னாள். வேடிக்கை பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும். கவுனை இஸ்திரி போட்டு, பையில் மடித்து எடுத்துப் போனேன். வெயில், டீசல் புகை, கருவாட்டு மூட்டை, ஆள் கூட்டம். ஏணியில் இறங்கிய ஒவ்வொரு சிறுமியையும் பார்த்தேன். ஒவ்வொருத்தி கையையும் யாராவது ஒரு அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் வடிந்தபிறகு சமையல்காரர் வந்தார். பம்பாய்ப் பக்கத்து ஆள், பாதி நரைத்த மீசை. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார்கள்.

"யே ரஹீ ஆப்கீ பேட்டி" என்றார். இதோ உங்கள் பேட்டி.

நான் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அப்புறம் அந்த இரண்டு பேருக்குப் பின்னால் பார்த்தேன். பெண் எங்கே என்று கேட்டேன். எந்தப் பெண் என்றார் அவர். நான் சிகரெட் அட்டையை எடுத்துப் படித்துக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலதி தீதி மட்டும் ஜெட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் சொன்னாள்:

"அரே, பேட்டி நஹீ, பேட்டி."

தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும், நான் என்ன செய்ய. முதல் பேட்டி, பஸ்ஸில் வருகிற 'ப'. அதற்கு மகள் என்று அர்த்தம். இரண்டாவது, பல்லில் வருகிற 'ப'. அதற்குப் பெட்டி என்று அர்த்தம். எங்கள் தீவில் பெட்டியை எல்லாரும் பக்சா என்றுதான் சொல்வார்கள். பம்பாய்க்காரர் அவர் ஊர்ச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி காதில் விழுந்ததைத் தமிழில் எழுதியிருக்கிறார். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தானே. ஹிந்தியில் பெட்டிகூடப் பெண்பால் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். புருஷன் யோக்கியன், ஊர் வாய் மூடியது, வேறென்ன வேண்டும் ஒரு பெண்ணுக்கு. நானோ கையில் பையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தீதி எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். இல்லை. பதிமூன்று நாளாக எனக்கு ஒரு பெண் இருந்தாள். அன்றைக்கு இல்லாமல் போய்விட்டாள்.

காலிப் பெட்டி

வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் பெட்டி காலி. டிரான்சிஸ்டர் இருக்கும், சென்ட் இருக்கும் என்று கூடிய கூட்டம் உச்சுக்கொட்டிவிட்டுக் கலைந்தது. மூடியின் உள்பக்கம் ஒரு உறை மட்டும் ஆணி அடித்து இருந்தது. அனுமதிக் காகிதங்கள், கப்பல் சீட்டு, ஒரு துண்டுக் கடிதம். வேலை முடிந்த நேரத்தில் தன் கையாலேயே செய்த பெட்டியாம். உப்புத் தண்ணீர் இறங்காமல் உள்ளே தகடு அடித்திருக்கிறாராம். சின்னதாகத்தான் ஆரம்பித்தாராம். நான் தையல் மிஷினை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நினைவு வந்ததும் பெரிதாக்கிவிட்டாராம். இத்தனை நாளை மரத்தில் வீணாக்கினாரே என்று நான் கோபப்படக் கூடாதாம்.

படாக் மரம் விளைகிற ஊருக்கு மரப்பெட்டி அனுப்பியிருக்கிறார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். தபாலை நம்பாமல் காகிதத்தைப் பெட்டியில் அடித்து அனுப்புகிற மனுஷன். பொருத்தம் பார்த்த ஜோசியர் அந்த ஒன்றைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

அப்போதும் நான் விட்டுவிடவில்லை. பெட்டியின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தேன், கள்ள அறை ஏதாவது உண்டா என்று. பென்சிலில் போட்ட அளவுக் குறிகள்தான் இருந்தன.

அப்புறம்தான் என் ஏழு பக்கக் கடிதம் ஞாபகம் வந்தது. அது நடுக்கடலைத் தாண்டி மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருக்கும். தந்தி கொடுக்கலாம் என்றாள் தீதி. தந்தியில் என்னவென்று அடிப்பது? 'மகள் பெட்டி, மன்னிக்கவும்' என்றா?

மிஷினையும் பாத்திரங்களையும் கட்டி அடுத்த கப்பலிலேயே ஏறினேன். மெட்ராஸ், ரயிலில் பம்பாய், அங்கிருந்து மறுபடி கப்பல். வழியெல்லாம் என் கடிதத்தோடு எனக்கு ஓட்டப் பந்தயம். அது ஆகாயத் தபால். நான் எங்கே ஜெயிக்க?

மொம்பாசாவில் அவர் கரையில் நின்றார். இளைத்திருந்தார். சட்டைப் பையில் என் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் பெட்டியை ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். கொஞ்ச தூரம் நடந்தபிறகு கேட்டார்.

"ஏளா, வஞ்சதெல்லாம் இருக்கட்டும். கவுனு எங்க?"

பெட்டியில் இருக்கிறது என்றேன். அதோடு சரி. அதற்குமேல் அந்தக் கடிதத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பிளேடு

பம்பாய்ச் சுங்கக் கூடத்தில் அதிகாரி மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் தையல் லேசில் விடாது. ஒவ்வொரு இழையாக அறுத்தார். தங்கம் விழவில்லை. வெளுக்காத புது மஞ்சள்தான் உள்ளிருந்து வந்தது, நாலு விரல் அகலத்துக்கு.

அவருக்கு ஏமாற்றம். கோபத்தோடு மறுபடி கேட்டார். குழந்தை இல்லை, குழந்தை உடுப்பு மட்டும் எதற்கு?

ஆமாம், எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. என் வீட்டுக்காரர் மேஜைக்குக் கிட்டே போய், பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்தார்.

"யஹீ ஹை சாப், ஹமாரீ பேட்டி" என்றார்.

இதுதான் சார் எங்கள் பெட்டி என்றாரா, எங்கள் மகள் என்றாரா? தூத்துக்குடி நாக்கு அவருக்கு. பஸ்ஸுக்கும் பல்லுக்கும் அந்த நாக்கில் வித்தியாசம் கிடையாது. அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சாக்கட்டியால் பெட்டியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். எதைச் சொன்னீர்கள் என்று நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறவள், அதை மட்டும் இன்றுவரை கேட்காமலே விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் கவுனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தார். இந்தத் தடிமன்தானே இத்தனை வம்புக்கும் காரணம், மடிப்பைக் குறைத்து மீதியை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

அவர் மடிப்பின்மேல் விரலை வைத்து அளந்தார். நாலு விரல்.

"இருக்கட்டும்ளா," என்றார். "வளர்ற பிள்ளல்லா."